தானமாக வந்த பிராட்பேண்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்த கதை

தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். சென்ற ஆண்டு எங்கள் மலையூரின் உள்ளாட்சி அமைப்பு இரண்டு வார்டுகளில் பிராட்பேண்ட் சோதனை ஒன்றை நடத்தியது. அதற்கான கருவிகளைத் தந்து, கேபிளை இழுத்து, ஆறு மாதம் இணைப்பையும் விலையில்லாமல் ஓட்டிக் காட்ட ஒரு தொலைத்தொடர்பு நிறுவனம் முன்வந்திருந்தது. அந்நிறுவனத்தின் பங்கை மதிப்பிட மூன்று பேரை அழைத்தார்கள். அவர்களில் நான் ஒருவன். முதல் கூட்டத்தில் வார்டு உறுப்பினர் ஒருவர் இந்தப் பழமொழியைச் சிரித்துக்கொண்டே சொன்னார். பல்லைப் பார்ப்பதற்குத்தானே எங்களைக் கூப்பிட்டிருக்கிறீர்கள் என்று நாங்களும் சிரித்து வைத்தோம்.

ஊரின் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் எழுதப் போவதில்லை. நகராட்சியா பேரூராட்சியா என்பதைக்கூடச் சொல்லாமல் விடுகிறேன். நீலகிரியில் அதைச் சொன்னாலே பாதி ஊர்களைக் கழித்துவிடலாம். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் எட்டிய தூரத்தில், கிழக்குச் சரிவில் இருக்கிறது என்பது போதும். என்னைப் பற்றிச் சொல்வதானால், செம்புக் கேபிளை ஜோடி ஜோடியாக முறுக்கி இணைத்துப் பழகிய கை இது. பி.எஸ்.என்.எல். நிறுவனத்திலிருந்து 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் விருப்ப ஓய்வு பெற்ற 78,000-க்கும் மேற்பட்டோருடன் நானும் வெளியே வந்தேன். குழுவின் மற்ற இருவரில் ஒருவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை, மற்றவர் தேயிலைத் தொழிற்சாலையில் கணக்குப் பார்த்தவர். எங்களுக்குள் ஃபைபரை, அதாவது ஒளியைக் கொண்டு செல்லும் கண்ணாடி இழையை, தொட்டவன் நான் மட்டும்தான் என்றாலும், உருப்படியான கேள்விகளைக் கேட்டவர்கள் அவர்கள் இருவரும்தான்.

இப்படியொரு சோதனை எதற்கு என்று கேட்பவர்களுக்காகச் சில வரிகள். கிராமங்களுக்கு ஃபைபர் கொண்டு செல்லும் மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தைத் தமிழகத்தில் டான்ஃபினெட் என்னும் அரசு நிறுவனம் நிறைவேற்றுகிறது. அது கிராம ஊராட்சிகளை நோக்கிய திட்டம். கடைவீதி ஒன்று இருப்பதனால் நகரம் என்று பெயர் பெற்றுவிட்ட எங்கள் ஊர் அதற்குள் வராது. தனியார் நிறுவனங்களோ அந்தக் கடைவீதியோடு நின்றுவிட்டன. சரிவில் தள்ளித் தள்ளி இருக்கும் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கும் படுகர்களின் ஊர்களான ஹட்டிகளுக்கும் கேபிளை இறக்குவது கட்டுப்படியாகாது என்றார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் பிள்ளைகள் பாடம் கேட்பதற்காகச் சிக்னல் தேடித் தேயிலைக் காட்டின் உச்சிக்கு ஏறியதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆகவே நிறுவனம் தானாக வந்து கேட்டபோது ஒருவரும் மறுக்கவில்லை. நானாக இருந்தாலும் மறுத்திருக்க மாட்டேன்.

எங்கள் முதல் வரைவறிக்கை தவறானது, அதற்குக் காரணம் நான். இரண்டு வாரம் வீடு வீடாகச் சென்று ஒளியின் அளவை எடுத்தேன், ஓர் இழையின் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் பெட்டிகளைத் திறந்து பார்த்தேன், எல்லா வீட்டு இணைப்புகளும் வந்து சேரும் மையக் கருவியான ஓ.எல்.டி. வைத்திருந்த அலமாரியின் பூமி இணைப்பைச் சோதித்தேன். எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. கருவி நல்ல கருவி என்று எட்டுப் பக்கம் எழுதிக் கொண்டுபோனேன். ஆசிரியை அதைப் பொறுமையாகப் படித்துவிட்டு, “சார், அவர்கள் கொடுத்த பெட்டியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் இங்கே என்ன வேலை செய்தார்கள் என்பது இதில் எங்கே இருக்கிறது?” என்று கேட்டார். அதன் பிறகுதான் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, அந்த ஒரே நிறுவனம் எத்தனை வேடம் போட்டிருக்கிறது என்று எழுதத் தொடங்கினோம். கருவியை விற்கப்போகிறவர் அவர். கேபிளை இழுத்த ஒப்பந்ததாரரை அமர்த்தியவர் அவர். இணையத்தை மேலிருந்து வாங்கித் தந்தவரும், பழுது வந்தால் பார்த்தவரும், பழுது எத்தனை முறை வந்தது என்று பதிவு செய்தவரும், சோதனை வெற்றி என்று மாதந்தோறும் அறிக்கை அனுப்பியவரும் அவரே. வாத்தியாரும் மாணவனும் ஒரே ஆளாக இருக்கும் தேர்வு இது என்று ஆசிரியை சொன்னபோது கணக்கர் சிரிக்கவில்லை. தொழிற்சாலையில் தராசைப் பிடித்தவனே பச்சைத் தேயிலையை விற்பவனாகவும் இருந்தால் என்ன ஆகும் என்பது அவருக்கு வேறு யாரையும்விட நன்றாகத் தெரியும்.

முதலில் நாட்காட்டியைப் பார்த்தோம். நிறுவனம் முன்மொழிந்திருந்த ஆறு மாதம் டிசம்பர் நடுவில் தொடங்கி ஜூன் நடுவில் முடிந்தது. ஆவணத்தில் இதற்குக் காரணம் எதுவும் சொல்லப்படவில்லை. கேட்டபோது, சீசன் கூட்டத்தையும் சேர்த்துப் பார்க்கலாம் என்றார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் நீலகிரியில் மழைக்காலம் ஒன்றல்ல, இரண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மேற்குப் பக்கத்தைப் புரட்டிப் போடும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் பக்கத்துச் சரிவுகளுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரும் வடகிழக்கு மழைதான் கண்டம். 2009 நவம்பரில் நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததும், சாலையும் ரயில் பாதையும் அறுந்து கிடந்ததும் அந்த மழையில்தான். இரண்டு மழையையும் தவிர்த்துவிட்டு, உறைபனியையும் கோடையையும் மட்டும் பார்க்கும் சோதனையால் மலைக்கு என்ன தெரியவரும்? நவம்பர் இறுதி வரை நீட்டிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம். நிறுவனம் தயங்கியது, பிறகு ஒப்புக்கொண்டது. அந்த ஒப்புதலுக்காக அவர்களைப் பாராட்டி அறிக்கையில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம். அது உபசாரத்துக்காக எழுதிய வரியல்ல.

மாத அறிக்கைகளில் சேவை கிடைத்த நேரம் எப்போதும் 99 விழுக்காட்டுக்கு மேல் இருந்தது. இந்த எண் எங்கே அளக்கப்பட்டது என்று ஆசிரியை விடாமல் கேட்டதில்தான் விஷயம் வெளியே வந்தது. வீட்டில் இருக்கும் மோடத்துக்கு மின்சாரம் போனால், அது அணைவதற்கு முன் உள்ளே மிச்சமிருக்கும் சிறிது சக்தியைக் கொண்டு ஓ.எல்.டி.க்கு ஒரு செய்தியை அனுப்பிவிட்டுத்தான் அணையும். ‘டையிங் காஸ்ப்’ என்பார்கள். கடைசி மூச்சு என்று வைத்துக்கொள்ளலாம். பழுதைத் தேடுபவருக்கு அது பெரிய உதவி, ஏனென்றால் ஃபைபர் அறுந்ததா, மின்சாரம்தான் போனதா என்பது ஆளை அனுப்பாமலே தெரிந்துவிடும். நிறுவனம் அந்தக் கடைசி மூச்சு வந்த நேரங்களையெல்லாம் வாடிக்கையாளர் தரப்புக் காரணம் என்று கழித்துவிட்டிருந்தது. இதுவரைக்கும்கூட ஒத்துக்கொள்ளலாம். அதோடு, ஓ.எல்.டி. அலமாரியின் பேட்டரி தீர்ந்து ஒரு வார்டு முழுவதும் அணைந்த நேரங்களும் மின்வாரியக் காரணம் என்று கழிக்கப்பட்டிருந்தன. மரம் விழுந்து ஒரு நாள் முழுக்க மின்சாரம் இல்லாமல் போவது இந்த மலையில் புதுமையல்ல. எவ்வளவு நேரத்துக்கான பேட்டரி வைப்பது என்று முடிவு செய்தது நிறுவனம். அது தீர்ந்ததும் கணக்கிலிருந்து கழித்துக்கொண்டதும் நிறுவனம்.

எங்களுக்கு மாற்றுக் கணக்கு கிடைத்தது ஒரு ஜெராக்ஸ் கடையில். அந்தக் கடைக்காரர் மின்கட்டணம் கட்டித் தருவது, சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது போன்றவற்றால் பிழைப்பவர். நெட் போனால் அவருக்கு அன்றைய வருமானம் போயிற்று. சுவரில் தொங்கிய மாதக் காலண்டரில் பால் கணக்கு நீல மையில் இருந்தது, நெட் போன நேரமும் வந்த நேரமும் சிவப்பு மையில் இருந்தன. அவரிடம் ஒரு சிறு இன்வெர்ட்டர் இருந்ததால் அவர் மோடம் அணையவே இல்லை. ஆகவே அவர் எழுதிவைத்தது முழுக்க முழுக்க வெளியே நேர்ந்த தடை. அக்டோபர் தாளைக் கணக்கர் கூட்டிப் பார்த்தார். 744 மணி நேரத்தில் 41 மணி நேரம் இணைப்பு இல்லை. 94.5 விழுக்காடு. ஒரே மாதம், ஒரே தெரு, இரண்டு எண்கள். நிறுவனம் பொய் சொல்லவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். எதைக் கழிக்கலாம் என்று முடிவு செய்யும் உரிமையை ஒப்பந்தமே அவர்களிடம் கொடுத்துவிட்டிருந்தது.

அந்த அக்டோபரில் ஓர் இரவு நடந்ததை நான் நேரில் பார்த்தேன். சாயங்காலம் ஒரு சீகை மரம் மின்கம்பியையும் ஃபைபரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு சாலையில் விழுந்துவிட்டது. ஒப்பந்ததாரரின் பையன்கள் இருவர் மேட்டுப்பாளையத்திலிருந்து ஆம்னி வேனில் ஏறி வருவதற்குள் மணி ஒன்பதாகிவிட்டது. மூடுபனி அவ்வளவு அடர்த்தி. இழைகளை ஒட்டும் ஸ்பிளைசிங் மெஷினை வெளியே வைத்தால் ஈரம் படிந்துவிடும் என்று, இரண்டு பக்கத்துக் கேபிள் முனையையும் வேனுக்குள் இழுத்துக்கொண்டு, கதவிடுக்கைச் சாக்கால் அடைத்து, டார்ச் வெளிச்சத்தில் வேலை செய்தார்கள். உரித்த இழையை ஸ்பிரிட்டால் துடைத்து, வெட்டி, மெஷினுக்குள் வைத்து மூடி, திரையில் இரண்டு முனையும் நெருங்கி ஒட்டுவதைப் பார்த்துவிட்டு, ஒட்டை மூடிக் காக்கும் ஸ்லீவை நகர்த்திச் சூட்டில் வைக்கும்போது அவர்களுடைய விரல்கள் நடுங்கவே இல்லை. முப்பது வருடம் இந்தத் தொழிலில் இருந்த நான் அந்த வேலையை மனதார மெச்சினேன்.

பத்தரை மணிக்கு, “லைட் வந்துருச்சு, மைனஸ் இருபத்தொண்ணு காட்டுது” என்று வார்டுப் பக்கமிருந்து போனில் சொன்னார்கள். இழையில் ஒளி போதுமான அளவு வந்து சேர்கிறது என்று பொருள். பையன்கள் உடனே ஜாயின்ட் பெட்டியை மூடத் தொடங்கினார்கள். அது 24 கோர் கேபிள், அதாவது உள்ளே 24 இழைகள். அவர்கள் இணைத்தவை நான்கு: நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு. மீதி இருபது இழைகளை அப்படியே சுருட்டி உள்ளே வைத்துவிட்டார்கள். ஏன் தம்பி என்று கேட்டேன். “எரியிற கோரை மட்டும் ஒட்டச் சொல்லிருக்காங்க சார்.” பையன்களைக் குறை சொல்ல முடியாது, அவர்களுக்குக் கூலி, இணைப்பு திரும்ப வருவதற்கு. சோதனை முடிந்ததும் கேபிள் ஊருக்குச் சொந்தமாகும் என்று ஒப்பந்தத்தின் ஏழாம் பிரிவு சொல்கிறது. இப்படி நான்கு மரம் விழுந்தால், ஊருக்குச் சொந்தமாகப்போகும் 24 கோர் கேபிள் பெயருக்கு 24 கோராகவும் நடைமுறையில் நான்கு கோராகவும் இருக்கும். அந்த நான்கிலும் ஒவ்வொரு ஒட்டுக்கும் ஒளி கொஞ்சம் தேயும். ஓர் இழையைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்ளும் ஜிபான் என்ற முறையில் பரவலாக இருக்கும் பி பிளஸ் வகைக் கருவி மொத்தம் 28 டெசிபல் (ஒளி தேய்வதை அளக்கும் அலகு) இழப்பைத் தாங்கும். 32 வீட்டுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஸ்பிளிட்டர்களே அதில் 17 டெசிபலை விழுங்கிவிடும். எஞ்சியதைத்தான் தூரத்துக்கும் ஒட்டுகளுக்கும் பங்கிட வேண்டும். ஒட்டு நன்றாக விழுந்தால் இழப்பு ஒரு பொருட்டே இல்லை. பனியிலும் அவசரத்திலும் எல்லா ஒட்டும் நன்றாக விழும் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

மலைக்கு மேலே வரும் இணைப்பு ‘ரிங்’ முறையில், இரண்டு பாதையில் வருகிறது என்று ஆவணத்தில் ஒரு படம் இருந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேற பர்லியார் வழியாகக் குன்னூருக்கு ஒரு சாலை, கோத்தகிரிக்கு இன்னொரு சாலை. படத்தில் இரண்டு கோடும் அழகாகப் பிரிந்து சென்றன. நான் கேபிள் பாதையைக் காட்டும் சாலையோரக் கற்களைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஊருக்குள் நுழையும் கடைசித் தொலைவில் இரண்டு கேபிளும் ஒரே பள்ளத்தில், ஒரே சிறு பாலத்தின் அடியில் வருகின்றன. ஒரு மண்வெட்டி இரண்டையும் சேர்த்து வெட்டும். இதை நிறுவனத்தின் பொறியாளரிடம் சொன்னபோது அவர் மறுக்காமல் படத்தைத் திருத்தித் தந்தார்.

உரிமம் பற்றிய பகுதியை எழுதத்தான் எங்களுக்கு அதிக நாள் பிடித்தது. ஓர் உள்ளாட்சி அமைப்பு ஃபைபருக்குச் சொந்தக்காரராக இருக்கலாம், தெருவிளக்குக் கம்பத்தில் இடம் தரலாம், பள்ளம் தோண்ட அனுமதி தரலாம். ஆனால் உரிமம் இல்லாமல் வீட்டுக்கு வீடு இணையத்தை விற்க முடியாது. பொது வைஃபைக்கு மட்டும், 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம். வாணி திட்டத்தில் டீக்கடைக்காரர்கூட உரிமமில்லாமல் இணையம் வழங்கலாம். ஆகவே எங்கள் சோதனையில் வீடுகளுக்குச் சேவை தரும் உரிமம் யார் கையில் இருந்ததோ அவரே அந்த வீடுகளின் வாடிக்கையாளர் பட்டியலுக்கும் சொந்தக்காரர். நிறுவனம் போய்விட்டால் கேபிள் ஊரிடம் இருக்கும், அதில் ஓட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

இது கற்பனை அச்சமல்ல. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் 2005-இல் ஏறக்குறைய 135 சதுர மைலுக்கு வைஃபை அமைக்க எர்த்லிங்க் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தது. நகரத்துக்குச் செலவில்லை, நிறுவனமே கட்டும், நிறுவனமே வைத்திருக்கும், நிறுவனமே விற்கும் என்பது ஏற்பாடு. எதிர்பார்த்த அளவுக்கு வாடிக்கையாளர்கள் சேரவில்லை, 2008-இல் நிறுவனம் விலகியது. எல்லா வேலையும் ஒருவரிடம் இருந்ததால், அவர் விலகியதும் எல்லாமே ஒரே நேரத்தில் ஆட்டம் கண்டது. ஸ்டாக்ஹோம் நகரம் 1994-இல் ஸ்டோகாப் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கி, இழையை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டு, விரும்பும் எவருக்கும் சம நிபந்தனையில் வாடகைக்கு விட்டது. சேவையை விற்கும் போட்டிக்குள் அது இறங்கவில்லை. எங்கள் ஊர் ஸ்டாக்ஹோம் இல்லை என்று கணக்கர் நினைவூட்டினார். உண்மைதான், எங்களிடம் அவ்வளவு பணம் இல்லை. ஆனாலும் வேலையைப் பிரித்துக் கொடுப்பதற்குப் பணம் அவ்வளவாக வேண்டியதில்லை, ஒப்பந்தத்தைக் கவனமாக எழுதினால் போதும் என்பது என் எண்ணம்.

எனக்கு இன்னும் நெருடலாக இருப்பது, விலையில்லாச் சோதனை அடுத்து எங்கே கொண்டுபோய் விடும் என்பது. ஊர் முழுவதற்கும் விரிவாக்குவதென்றால் 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்படி டெண்டர் விட்டாக வேண்டும். அந்த டெண்டருக்கான தொழில்நுட்ப விவரக்குறிப்பை யார் எழுதுவார்கள்? ஊர் அலுவலகத்தில் அதற்கு ஆள் இல்லை. சோதனை அறிக்கையிலிருந்துதான் எடுத்து எழுதுவார்கள். சோதனை அறிக்கையை எழுதியது நிறுவனம். ஜிபான் என்பது சர்வதேசத் தரநிலைதான் என்றாலும், ஒருவருடைய ஓ.எல்.டி.யுடன் இன்னொருவருடைய மோடம் முழுமையாக ஒத்துப்போகாமல் இடக்குச் செய்வதைத் தொழிலில் இருப்பவர்கள் அறிவார்கள். இரண்டு வார்டில் ஏற்கெனவே பொருத்தியிருக்கும் மோடங்கள் எல்லாமே ஒரே நிறுவனத்தினுடையவை. “ஏற்கெனவே உள்ள கருவிகளுடன் இசைந்து இயங்க வேண்டும்” என்று டெண்டரில் ஒரு வரி சேர்ந்துவிட்டால் போட்டி அங்கேயே முடிந்துவிடும், அந்த வரி பார்ப்பதற்குக் குற்றமற்றதாகவும் இருக்கும். வேறொரு நிறுவனத்தின் மோடத்தைக் கொண்டுவந்து இதே ஓ.எல்.டி.யில் இணைத்துக் காட்ட வேண்டும் என்று கேட்டோம். மூன்று மாதமாகியும் இன்னும் காட்டவில்லை.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அறுபது இணைப்பில் வேகம் நன்றாக இருந்தது. ஆறாயிரம் இணைப்பில் எப்படி இருக்கும் என்பதை அறுபது இணைப்பைக் கொண்டு சொல்ல முடியாது. ஓ.எல்.டி.யின் ஒரு போர்ட்டின் 2.5 ஜிகாபிட்டை 32 வீடும் ஒரே நேரத்தில் இழுத்தால் தலைக்கு 78 மெகாபிட்தான், அதுவும் மேலே அவ்வளவு திறன் வாங்கியிருந்தால். ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச வேகமாகப் “பிராட்பேண்ட் வேகம்” என்று மட்டும் எழுதியிருந்தார்கள். 2004-இல் நொடிக்கு 256 கிலோபிட்டாக இருந்த பிராட்பேண்டின் அரசு வரையறை 2023-இல் 2 மெகாபிட்டாக உயர்ந்திருக்கிறது. ஆகவே 2 மெகாபிட் தந்தாலும் நிறுவனம் ஒப்பந்தத்தைக் காப்பாற்றியதாகிவிடும். அந்தச் சொல்லை அடித்துவிட்டு எண்ணை எழுதச் சொன்னோம்.

நிறுவனத்தின் மேல் எனக்குக் கசப்பு இருப்பதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. கிளை நூலகத்துக்கும் அரசுப் பள்ளிக்கும் சொன்ன தேதிக்கு முன்பாகவே இணைப்புக் கொடுத்தார்கள். லைன் வீடுகளுக்குக் கேபிள் இறக்க, யானை வழியைத் தவிர்ப்பதற்காகத் தங்கள் செலவில் பாதையை நீட்டித்தார்கள். உள்ளூர் ஐ.டி.ஐ. முடித்த இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு மாதம் பயிற்சி தந்திருக்கிறார்கள். அவர்களில் ஒரு பெண் இப்போது தனியாகவே பழுதின் இடத்தைக் கண்டுபிடிக்கிறார். சோதனையின் பலன்களில் நிலைத்து நிற்கப்போவது அதுதான் என்று ஆசிரியை அடித்துச் சொல்கிறார். எனக்கும் மறுப்பில்லை, ஆனால் அந்தப் பெண்ணின் கையில் ஸ்பிளைசிங் மெஷின் இல்லை; பழுது எங்கே என்று சொல்லிவிட்டு மேட்டுப்பாளையத்து வேனுக்காகக் காத்திருக்கிறார்.

இறுதி அறிக்கையில் நிறுவனத்தின் பங்கைக் கருவி, கட்டுமானம், பராமரிப்பு, அளவீடு என்று தனித்தனியாகப் பிரித்து மதிப்பிட்டோம். கருவிக்கும் கட்டுமானத்துக்கும் நிறைவு என்று எழுதினோம். பராமரிப்பு பாதி. அளவீட்டை நிறுவனத்திடமிருந்து எடுத்துவிட வேண்டும், அறுந்த கேபிளில் எல்லா இழைகளையும் இணைத்த பிறகே பெட்டியை மூட வேண்டும், ஃபைபர் செல்லும் பாதையின் வரைபடத்தையும் மேலாண்மை மென்பொருளின் கடவுச்சொல்லையும் ஊரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தோம். வரைபடம் இரண்டு வாரத்தில் வந்துவிட்டது. கடவுச்சொல் சென்ற வெள்ளிக்கிழமை, அரக்கு முத்திரையிட்ட உறையில், அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. மூன்று பேரும் பயிற்சி பெற்ற அந்தப் பெண்ணுமாகக் கணினி முன் உட்கார்ந்து உள்ளே நுழைந்தோம். எல்லா வீடும் தெரிந்தது, எல்லா வீட்டின் ஒளி அளவும் தெரிந்தது. ஒரு மோடத்தை அணைத்து இயக்கிப் பார்க்கலாம் என்று அந்தப் பெண் பொத்தானை அழுத்தினார். இந்தக் கணக்குக்குப் பார்வையிடும் அனுமதி மட்டுமே உண்டு என்று திரையில் வந்தது. அடுத்த கூட்டத்தை வரும் செவ்வாய்க்கிழமைக்கு வைத்திருக்கிறார்கள். உறையை எடுத்துக்கொண்டு போகிறோம்.